யெல்லோஸ்டோனில் பனிக்காலப் படப்பயணம்: லென்ஸுக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியவை

நீங்கள் கேட்டிருப்பது இது: ஜனவரி கடைசியில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஐந்து முழு நாள் இருக்கப்போகிறீர்கள். ஓநாய், பைசன் (அமெரிக்கக் காட்டெருமை), பனிக்கு நடுவே பொங்கும் வெந்நீரூற்று மூன்றையும் படமெடுக்க ஆசை. கையில் 100–400 மி.மீ. லென்ஸ் இருக்கிறது, 600 மி.மீ. ஒன்று வாங்கலாமா என்று தயங்குகிறீர்கள். லென்ஸைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் தீர வேண்டிய கேள்வி வேறு: அந்த ஐந்து நாளை எந்தப் பக்கம் செலவிடுவது? இதை முடிவு செய்யாமல் விமானச் சீட்டு எடுத்தவர்கள்தான் நிறைய. அங்கே போய் இறங்கிய பிறகுதான் பாதிச் சாலை மூடியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவருகிறது.

கோடையில் யெல்லோஸ்டோன் ஒரே பூங்கா. எட்டு வடிவத்தில் ஓடும் சாலையில் காரை எடுத்துக்கொண்டு எங்கும் போகலாம். பனிக்காலத்தில் அது இரண்டு பூங்காவாகப் பிரிந்துவிடுகிறது. சாதாரணக் கார் ஓடுவது வடக்கில் உள்ள ஒரே ஒரு சாலையில்தான். மொன்டானா மாநிலத்தின் கார்டினர் ஊரில் இருக்கும் வடக்கு வாசலில் தொடங்கி, மாமத் ஹாட் ஸ்பிரிங்ஸ், டவர் சந்திப்பு, லாமர் பள்ளத்தாக்கு வழியாக வடகிழக்கு வாசலைத் தாண்டிக் குக் சிட்டி வரை போகும் சாலை அது. மொத்தம் 56 மைல், அதாவது 90 கி.மீ. அளவு. மற்ற உட்சாலைகள் நவம்பர் தொடக்கத்திலேயே கார்களுக்கு மூடிவிடும். டிசம்பர் நடுவில் அவற்றின் மேல் பனியை இறுக்கிப் பரப்பி, ஸ்னோகோச் (பனிமேல் ஓடும் சிறு பேருந்து), ஸ்னோமொபைல் (பனிமேல் ஓடும் பைக் போன்ற வண்டி) இரண்டுக்கும் மட்டும் திறப்பார்கள். மார்ச் நடுவரை அப்படியே ஓடும். ஓல்டு ஃபெய்த்ஃபுல் வெந்நீரூற்று, மேடிசன், கேன்யன் பகுதிகள், பல நிற வெந்நீர்க் குளமான கிராண்ட் பிரிஸ்மாட்டிக் எல்லாம் இந்த இரண்டாவது பூங்காவுக்குள் வருபவை. ஓநாய் வடக்கில், வெந்நீரூற்று உள்ளே, பைசன் இரண்டிலும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளேயும் ஓநாய்க் கூட்டம் உண்டு. ஆனால் நாள் முழுக்கச் சாலையோரம் நின்று தேடும் வசதி வடக்கில்தான் இருக்கிறது.

நீங்கள் தேர்ந்தெடுத்த காலம் நல்ல காலம். ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை பனி ஆழமாக இருக்கும், ஸ்னோகோச் சேவை தடையில்லாமல் ஓடும், பண்டிகை விடுமுறைக் கூட்டமும் கலைந்திருக்கும். பிப்ரவரி ஓநாய்களின் இணைசேரும் பருவம் என்பதால் அதையொட்டிய வாரங்களில் அவற்றின் நடமாட்டமும் ஊளையும் கூடும். டிசம்பர் நடுவில், சேவை திறந்த முதல் வாரத்தில் போவதை நான் பரிந்துரைப்பதில்லை. பனி போதாத ஆண்டுகளில் உட்சாலைப் பயணங்கள் தள்ளிப்போகும் அல்லது பாதை மாறும். மார்ச்சில் பகலில் பனி உருகி இரவில் மறுபடி உறையும். தரை அழுக்கேறிய பனியாக இருக்கும். ஆண் கரடிகள் குகையைவிட்டு வெளியே வரத் தொடங்குவதும் அப்போதுதான்.

வெளிச்சக் கணக்கையும் இப்போதே போட்டுவிடலாம். ஜனவரி நடுவில் மாமத் பகுதியில் சூரியன் காலை 8 மணியளவில் எழும், மாலை 5 மணி தாண்டியதும் மறையும். பிப்ரவரி நடுவில் அது 7:25, 5:50 என்று ஆகும். பூங்கா ஏறக்குறைய 45 டிகிரி வடக்கில் இருப்பதால் ஜனவரியில் நண்பகலிலும் சூரியன் அடிவானத்திலிருந்து 24 டிகிரி அளவுக்குத்தான் ஏறும். கோடையில் காலை ஒன்பது மணிக்கு மேல் கேமராவைப் பையில் வைத்துவிடுகிற பழக்கம் இங்கே தேவையில்லை. நாள் முழுக்கச் சாய்ந்த ஒளிதான். மறுபக்கம், மலையடிவாரச் சாலைப் பகுதிகளில் பல இடங்கள் நிழலைவிட்டு வெளியே வருவதே இல்லை; திறந்து கிடக்கும் லாமருக்குத்தான் ஒளி முதலில் வந்து சேரும்.

இப்போது நாட்களைப் பிரிப்போம். ஸ்னோகோச்சில் காலையில் போய் மாலையில் திரும்பும் ஒருநாள் சுற்றுலா உண்டு. ஓல்டு ஃபெய்த்ஃபுல்லைப் பார்க்க அது போதும், படமெடுக்கப் போதாது. மாமத்திலிருந்து அங்கே போக 50 மைல். நின்று நின்று போனால் நாலு மணி நேரம் ஆகும். மேற்கு வாசலில் இருக்கும் வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரிலிருந்து 30 மைல். எப்படிப் போனாலும் சேரும்போது உச்சிவேளை ஆகிவிடும், விடியலும் அந்தியும் கிடைக்காது. உள்ளே போவதென்றால் ஓல்டு ஃபெய்த்ஃபுல் ஸ்னோ லாட்ஜில் இரண்டு இரவாவது தங்குங்கள். பனிக்காலத்தில் பூங்காவுக்குள் திறந்திருக்கும் விடுதிகள் இரண்டு. ஒன்று இது, மற்றது மாமத் ஹோட்டல். மாமத்துக்குக் காரில் போகலாம், ஸ்னோ லாட்ஜுக்குப் பனி வண்டியில் மட்டும்தான் போக முடியும்.

உங்கள் ஐந்து நாளுக்கு என் கருத்து இது. முதல் இரண்டு நாள் வடக்குச் சாலை. மூன்றாம் நாள் காலை மாமத்தில் காரை விட்டுவிட்டு ஸ்னோகோச்சில் உள்ளே போங்கள். நான்காம் நாள் முழுக்க அங்கேயே நடந்து திரியலாம். ஐந்தாம் நாள் விடியலைப் படமெடுத்துவிட்டுத் திரும்புங்கள். உங்கள் மனம் முதலில் ஓநாய் என்றுதான் சொல்கிறது என்றால், உட்பகுதியை இந்த முறை தயங்காமல் விட்டுவிட்டு ஐந்து நாளையும் வடக்கிலேயே வையுங்கள். இரண்டு நாளில் ஓநாயைப் பார்க்க நல்ல வாய்ப்பு உண்டு. படமாகும் தூரத்தில் அது வருவதற்கு இரண்டு நாள் மிகக் குறைவு. மூன்றையும் சம அளவில் துரத்தினால் மூன்றும் அரைகுறையாகத்தான் வரும்.

வழி பற்றி ஓர் எச்சரிக்கை. போஸ்மேன் விமான நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து லிவிங்ஸ்டன் வழியாகக் கார்டினருக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். குக் சிட்டிக்குக் கிழக்கே சாலை பனிக்காலத்தில் மூடியிருக்கும் என்பதால் பில்லிங்ஸ், கோடி ஊர்களிலிருந்து அந்த வழியாக நுழைய முடியாது. வடக்குச் சாலையில் போனவர் அதே சாலையில்தான் திரும்ப வேண்டும். அதேபோல் வெஸ்ட் யெல்லோஸ்டோனில் அறை எடுத்துவிட்டு லாமருக்குத் தினமும் போய்வரலாம் என்று நினைக்காதீர்கள். கோடையில் பூங்கா வழியாகக் கார்டினர் பக்கந்தான். பனிக்காலத்தில் போஸ்மேன் வழியாகச் சுற்றி 170 மைல் ஓட்ட வேண்டும். தங்கும் இடமாகக் கார்டினர் வசதியானது. கடை, பெட்ரோல், சாப்பாடு எல்லாம் அங்கே இருக்கும். குக் சிட்டியும் சில்வர் கேட்டும் சின்ன ஊர்கள், பனி அதிகம். ஆனால் விடியும்போது லாமரின் கிழக்கு முனையில் நிற்க அவைதான் தோது. முதல் இரவு கார்டினர், இரண்டாம் இரவு சில்வர் கேட் அல்லது குக் சிட்டி என்று பிரித்தால் சாலையின் இரு முனையிலும் ஒவ்வோர் இரவு தங்கலாம். ஆனால் மூன்றாம் நாள் காலை ஸ்னோகோச்சைப் பிடிக்க இருட்டிலேயே மாமத்துக்கு ஓட்டி வர வேண்டியிருக்கும், கிழக்கு முனையின் விடியல் கிடைக்காது. அது பிடிக்காதென்றால் முதல் இரவைக் கிழக்கில் வைத்துக்கொண்டு இரண்டாம் இரவு மாமத்துக்கு வந்துவிடுங்கள்.

வடக்குச் சாலையில் எங்கே என்ன என்றால்: கார்டினருக்கும் மாமத்துக்கும் இடையிலான ஆற்றுப் பள்ளத்தின் பாறைச் சரிவுகளில் பிக்ஹார்ன் ஆடுகள் சாலைக்குப் பக்கத்திலேயே மேயும். மாமத்தைச் சுற்றி எல்க் மான்கள். ஜனவரியில் ஆண் எல்க்குக்குக் கொம்பு இன்னும் இருக்கும், வசந்தத்தில்தான் உதிரும். பிளாக்டெயில் பீடபூமியில் கயோட்டிகளும் (ஓநாயைவிடச் சிறிய அதன் உறவு விலங்கு) சில சமயம் ஓநாய்களும். டவர் சந்திப்பைத் தாண்டி ஸ்லூ க்ரீக் முகப்பிலிருந்து லாமர் முழுவதும் பைசன் மந்தைகள். லாமரின் கிழக்கே சோடா பியூட், ரவுண்ட் ப்ரெய்ரி பக்கம் ஆற்றோரப் புதர்களில் மூஸ் என்ற பெரிய மான். செந்நரி எங்கும் வரலாம், கிழக்கு முனையில் கொஞ்சம் அதிகம். நரியும் கயோட்டியும் பனிக்கு அடியில் ஓடும் எலியைக் காதால் கேட்டுப் பிடிப்பவை. நடந்துகொண்டிருந்த விலங்கு சட்டென்று நின்று, காதை முன்னால் நீட்டித் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தால் அடுத்த சில நொடிகளில் பாயப்போகிறது என்று பொருள். அப்போது ஷட்டர் வேகம் 1/2000க்குக் குறையாமல் இருக்கட்டும். பாய்ச்சலின் உச்சம் சட்டத்துக்கு வெளியே போய்விடாதபடி விலங்கின் தலைக்கு மேல் நிறைய இடம் விட்டுப் பிடியுங்கள். இறுக்கமாகப் பிடித்தவர்களின் படத்தில் பின்கால்கள் மட்டும் மிஞ்சும்.

ஓநாய் விஷயத்தில் உறுதியானதையும் ஐயமானதையும் பிரித்துச் சொல்கிறேன். 1995, 1996 ஆண்டுகளில் கனடாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட 31 ஓநாய்களின் வழித்தோன்றல்கள் இவை. அண்மை ஆண்டுகளில் பூங்காவுக்குள் ஏறக்குறைய 100 இருக்கின்றன. வெள்ளைப் பனியில் கரிய, சாம்பல் உருவங்கள் தூரத்திலிருந்தே தெரியும் என்பதால் பார்ப்பதற்குப் பனிக்காலம்தான் சிறந்தது. இதுவரை உறுதி. அவை எந்த நாள், எவ்வளவு தூரத்தில் வரும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. பெரும்பாலான பார்வைகள் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால்தான் நடக்கும். அந்தத் தூரத்தில் 600 மி.மீ. லென்ஸும் ஒரு புள்ளியைத்தான் தரும். அதனால் ஸ்பாட்டிங் ஸ்கோப் (ட்ரைபாடில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) ஒன்றை வாடகைக்கு எடுங்கள், அல்லது முதல் நாள் மட்டும் உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்துங்கள். வழிகாட்டி ஓநாயைக் கொண்டுவந்து நிறுத்தமாட்டார். முந்தின நாள் ஓநாய்க் கூட்டம் எங்கே இரை பிடித்தது, எந்த மேட்டில் படுத்திருந்தது என்ற செய்தி அவரிடம் இருக்கும், அதற்குத்தான் காசு. இரையின் உடல் சாலையிலிருந்து தெரியும் இடத்தில் கிடந்தால் மறுநாளும் அங்கே போய் நில்லுங்கள். ஓநாய் போன பின் கயோட்டி, கழுகு, அண்டங்காக்கை என்று வரிசையாக வரும். சாலையோரம் ஸ்கோப் வைத்து நிற்பவர்களிடம் பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள். கார்க் கதவைச் சாத்தும்போது மெதுவாகச் சாத்துங்கள்; அங்கே நிற்பவர்கள் மதிப்பது அதைத்தான்.

விதிகளில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஓநாய், கரடி, கூகர் (மலைச்சிங்கம்) ஆகியவற்றிடமிருந்து 100 கஜம், அதாவது 91 மீட்டர். பைசன், எல்க் உட்பட மற்ற எல்லா விலங்குகளிடமிருந்தும் 25 கஜம், 23 மீட்டர். நீங்கள் நின்ற இடத்துக்கு அது நடந்து வந்தாலும் பின்வாங்க வேண்டியவர் நீங்கள்தான். பைசன் மந்தமாகத் தெரியும், மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஓடும், வாலைத் தூக்கினால் அதற்குப் பொறுமை போய்விட்டது என்று அர்த்தம். ஓநாய்போல் ஊளையிட்டு அழைப்பது, ஒலிபரப்பி ஈர்ப்பது, தீனி போடுவது, விளக்கடித்துத் தேடுவது, டிரோன் பறக்கவிடுவது எல்லாம் குற்றம். காரை ஒதுக்கிடத்தில் மட்டும் நிறுத்துங்கள், நான்கு சக்கரமும் வெள்ளைக்கோட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். விலகி நிற்கப் பனிக்காலத்தில் இன்னொரு காரணமும் உண்டு. ஆழ்பனியில் ஒவ்வோர் அடியும் விலங்குக்குச் செலவு, அது சேமித்த கொழுப்பு வசந்தம்வரை தாங்க வேண்டும். நாம் நெருங்கியதால் ஒரு பைசன் எழுந்து நகர்ந்தால் அந்தக் கணக்கில் நாம் கைவைக்கிறோம்.

உட்பகுதிக்கு வருவோம். ஓல்டு ஃபெய்த்ஃபுல் இருக்கும் அப்பர் கெய்சர் பேசின் என்ற வெந்நீரூற்றுப் படுகையில் ஒரு சதுர மைலுக்குள் 150க்குக் குறையாத வெந்நீரமைப்புகள் இருக்கின்றன. எல்லாம் ஸ்னோ லாட்ஜிலிருந்து நடக்கும் தூரம். ஓல்டு ஃபெய்த்ஃபுல் சராசரியாக ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பொங்கும்; அடுத்து எப்போது என்று பக்கத்துப் பார்வையாளர் மையத்தில் எழுதி வைப்பார்கள், பத்து நிமிடம் முன்பின் ஆகலாம். கடுங்குளிரில் நீர்த்தூணைவிட ஆவிதான் பெரிதாகத் தெரியும். நீர்த்தூண் தெளிவாக வேண்டுமென்றால் குளிர் சற்றுத் தணிந்த நண்பகல், ஆவி ஒளிர வேண்டுமென்றால் கீழ்வானத்தில் சூரியன் நிற்கும் விடியல், அதுவும் எதிரொளியில். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று முதலில் பாருங்கள். ஆவி உங்களை நோக்கி வரும் பக்கம் நின்றால் படமும் இல்லை, லென்ஸும் பாழ். என்னைக் கேட்டால் ஊற்றைவிட அதன் சுற்றுப்புறம்தான் பனிக்காலத்தின் கொடை. ஆவி பைன் மரங்களில் படிந்து உறைந்து, கிளைகள் வெண்பூச்சுப் பூசி நிற்கும். இரவு –20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போய், காற்று அடங்கி, வானம் தெளிந்த காலையில் இது உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறிய ஒரு மணி நேரத்தில் உதிர்ந்துவிடும். ஆவி படிந்து முகமெல்லாம் உறைந்த பைசனும் இங்கேதான் கிடைக்கும். வெப்பத்தரையில் பனி குறைவு என்பதால் புல்லைத் தேடி வந்து நிற்கும். மேற்கு வாசலிலிருந்து வரும் வழியில் மேடிசன் ஆற்றோரம் ட்ரம்பெட்டர் அன்னங்கள், நீர்நாய், அதிர்ஷ்டம் இருந்தால் பாப்கேட் என்ற காட்டுப்பூனை. மாமத் வழியாகப் போனால் மேடிசன் சந்திப்புக்கு மேற்கே உள்ள ஆற்றுப் பகுதி உங்கள் பாதையில் வராது. மேற்கு வாசல்வழி வருபவர்களுக்குத்தான் அது.

கிராண்ட் பிரிஸ்மாட்டிக்கின் நிறங்களை மட்டும் பனிக்காலத்தில் எதிர்பார்க்காதீர்கள். குளிர்காற்றில் ஆவி திரண்டு குளத்தையே மூடிவிடும். மரப்பாதையைவிட்டு ஓரடியும் இறங்கக் கூடாது என்ற விதி எந்தக் காலத்துக்கும் பொருந்தும், பனியில் இன்னும் கூடுதலாக. மெல்லிய தரை ஓட்டையும் அதன் விளிம்பையும் பனி மறைத்துவிடும். அடியில் இருப்பது அந்த உயரத்தில் 93 டிகிரியில் கொதிக்கும் நீர். ஆவி படிந்து உறைந்த மரப்பாதை கண்ணாடிபோல் வழுக்கும் என்பதால் காலணியின் மேல் மாட்டும் முட்பட்டை கட்டாயம்.

ஸ்னோகோச் பதிவு செய்யும்போது படமெடுப்பவர்களுக்கென்றே ஓடும் வண்டி உண்டா என்று கேளுங்கள். பொது வண்டியில் பத்துப் பேருக்கு மேல் இருப்பார்கள். ஒரு நரிக்காக இருபது நிமிடம் காத்திருக்க எல்லோரும் சம்மதிக்கமாட்டார்கள். ஸ்னோமொபைல் வேகமாகப் போகும், ஆனால் பெரிய லென்ஸைத் தூக்கிக்கொண்டு, அதிர்வில், முகத்தில் குளிர்காற்று அறைய அறைய ஓட்டுவது படப்பயணத்துக்குப் பொருந்தாது. வழிகாட்டி இல்லாமல் தனியாக ஓட்டவும் முடியாது; சொந்தக் குழுவாகப் போவதற்கான குலுக்கல் அனுமதிக்கு இலையுதிர்காலத் தொடக்கத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

எக்ஸ்போஷர், அதாவது படத்துக்குள் விடும் ஒளியின் அளவு, பனியில் எல்லோரும் தடுக்கி விழும் இடம். கேமராவின் மீட்டர் எதைக் கண்டாலும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். சட்டம் நிறையப் பனி இருந்தால் படம் அழுக்குச் சாம்பலாக வரும், +1 முதல் +1.7 ஸ்டாப் (ஒளியளவின் அலகு) வரை ஏற்ற வேண்டும். ஆனால் கரிய பைசன் சட்டத்தை நிறைத்துவிட்டால் மீட்டர் எதிர்த்திசையில் ஏமாறிப் பனியை வெளுக்கடித்துவிடும், அப்போது ஏற்றவே கூடாது. பைசன் நெருங்கி வர வர ஒவ்வொரு படத்துக்கும் திருத்தம் மாறும். அதனால் மேனுவலுக்குப் போய்விடுங்கள். உங்கள் விலங்கின் மேல் விழும் அதே ஒளி விழுகிற பனியை ஸ்பாட் மீட்டரில் அளந்து, அது +1.7லிருந்து +2க்குள் நிற்கும்படி வையுங்கள். ஒளி மாறாதவரை சட்டத்தில் நரி வந்தாலும் பைசன் வந்தாலும் அதே அளவு சரிதான். ஹிஸ்டோகிராமின் (படத்தின் ஒளிப்பரவலைக் காட்டும் வரைபடம்) வலது முனை சுவரைத் தொடாமல், அதற்குச் சற்று இடப்பக்கம் முடிய வேண்டும். திரையின் வெளிச்சத்தை நம்பாதீர்கள், பனிக்கூசலில் எல்லாப் படமும் இருட்டாகவே தெரியும். ரா வடிவில் எடுங்கள். வெண்சமநிலையைப் பகலொளியில் பூட்டுங்கள். பனியின் நிழல் நீலமாக இருப்பது வானத்தின் ஒளி விழுவதால். திருத்தும்போது அதை முழுக்கச் சாம்பலாக்கினால் குளிர் போய்விடும்.

பனி விழும்போது ஆட்டோஃபோகஸ் முன்னால் விழும் துகளைப் பிடித்துக்கொள்ளும். கண் கண்டறியும் வசதி பனித்திரையில் தடுமாறினால் ஒற்றைப் புள்ளிக்கோ சிறு வட்டத்துக்கோ மாறி, குறுக்கே வருவதற்கு ஃபோகஸ் தாவும் வேகத்தை மெதுவாக்கிவிடுங்கள். துகள்கள் கோடுகளாக வேண்டுமென்றால் 1/60 முதல் 1/125. புள்ளிகளாக நிற்க வேண்டுமென்றால் 1/500க்கு மேல். அசையாமல் நிற்கும் பைசனுக்குக் கோடுகள் அழகு.

படங்கள் மென்மையாகப் போவதற்குப் பலரும் லென்ஸைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் காரணம் வெப்பக்காற்று. ஹீட்டர் ஓடும் காரின் கண்ணாடியை இறக்கி அங்கிருந்து எடுத்தால், வெளியேறும் சூடான காற்று குளிர்காற்றோடு கலக்கும் இடம் லென்ஸுக்கு நேர் முன்னால் இருக்கிறது. 400 மி.மீ.க்கு மேல் எந்த லென்ஸும் அதை வெல்ல முடியாது. எஞ்சினையும் ஹீட்டரையும் அணைத்துக் காரைக் குளிரவிடுங்கள், முடிந்தால் இறங்கி நின்று எடுங்கள். சூடான காரிலிருந்து எடுத்த லென்ஸ் ஹுட்டுக்குள்ளும் இதே கலக்கம் இருக்கும். அரைமணி நேரம் வெளியே குளிரட்டும், அவசரமென்றால் ஹுட்டைக் கழற்றுங்கள். இதைத் தவிர்க்கவே பயணத்தின்போது கேமராப் பையைக் காரின் பின்பகுதியில், ஹீட்டர் காற்று படாமல் வையுங்கள். வெயில் ஏறியபின் தூரத்து விலங்கு அலையலையாகத் தெரிந்தால் அந்தத் தூரத்தில் இனி கூர்மை வராது. விலங்கைச் சிறிதாக வைத்து நிலக்காட்சியாக எடுங்கள். பனிவெளியில் ஒற்றைக் கோடாக நடக்கும் பைசன் வரிசைக்கு 100–400 போதும், பல சமயம் 70–200 இன்னும் நல்லது.

குளிர் கருவிக்குச் செய்வதை முன்கூட்டியே கணக்கில் எடுங்கள். பகலில் –20 முதல் –5 டிகிரி செல்சியஸ் என்பது வழக்கம், இரவில் அதற்கும் கீழே. 1933இல் மேற்கு வாசல் பக்கம் –54 டிகிரி பதிவாகியிருக்கிறது. –20 டிகிரியில் லித்தியம் அயான் பேட்டரியின் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். மூன்று நான்கு பேட்டரி, உடம்போடு ஒட்டிய உள்பையில். தீர்ந்ததாகக் காட்டியதை உள்ளே வைத்துச் சூடேற்றினால் இன்னும் கொஞ்சம் ஓடும். உறைந்த பேட்டரியை உடனே சார்ஜரில் போடாதீர்கள். பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே உலோக லித்தியம் படிந்து நிரந்தரச் சேதமாகும். அறை வெப்பத்துக்கு வந்தபின் போடலாம். அறைக்குள் நுழையும் முன், வெளியே நிற்கும்போதே கேமராவைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் மூடிவிடுங்கள். ஈரம் பையின்மேல் படியும், கண்ணாடியில் படியாது. இரண்டு மூன்று மணி நேரம் திறக்கக் கூடாது. அதனால் மெமரி கார்டையும் பேட்டரியையும் மூடுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். லென்ஸில் விழுந்த பனியை வாயால் ஊதாதீர்கள், மூச்சு அங்கேயே உறையும். ரப்பர் ஊதியும் மென்தூரிகையும் போதும். ஊற்றுகளின் ஆவியிலும் சாரலிலும் கரைந்த சிலிகா இருக்கும். கண்ணாடியில் காய்ந்துவிட்டால் போகாத கறை. அங்கே மட்டும் முன்னால் ஒரு சாதாரண வடிகட்டி மாட்டி, உடனுக்குடன் துடையுங்கள்.

ட்ரைபாடின் கால்களை முழுக்க விரித்துவிட்டு ஆழ்பனியில் அழுத்தினால் பனி அவற்றை வெளிப்பக்கம் நெம்பும், மூட்டு உடையும். பாதி விரித்து, உள்ளே இறக்கி, அப்புறம் விரியுங்கள். இரவில் கால்களை நீட்டிவைத்துக் காயவிடுங்கள். உள்ளே சிக்கிய பனி உருகி மறுநாள் உறைந்தால் பூட்டுத் திறக்காது.

உடையில் பருத்தி வேண்டாம், ஈரமானால் காயாது. உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை, நடுவில் தடித்த அடுக்கு, மேலே காற்றுத்தடுப்பு. நின்று படமெடுப்பவருக்கு நடப்பவரைவிட ஓரடுக்கு அதிகம் வேண்டும். காலணி ஓர் அளவு பெரிதாக இருக்கட்டும். இறுகினால் இரத்த ஓட்டம் குறைந்து விரல்தான் முதலில் உறையும். கைக்கு மெல்லிய உள்ளுறை, அதன்மேல் விரல் பிரியாத தடித்த உறை, உள்ளே வெப்பப் பொட்டலம். விரல் நுனி வெளிறி உணர்ச்சி மரத்தால் படத்தை விட்டுவிட்டுக் காருக்குத் திரும்புங்கள்.

இனி லென்ஸ். வாங்க வேண்டாம். 500 அல்லது 600 மி.மீ. ஒன்றை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுங்கள். நரி, கயோட்டி, மூஸ், பிக்ஹார்ன் நான்குக்கும் அது உதவும். ஓநாய்க்காக மட்டும் வாங்கினால் ஏமாற்றம்தான். எடையும் ஒரு காரணம். கனமான 600 மி.மீ. எஃப் 4 லென்ஸோடு வழுக்கும் மரப்பாதையில் நாலைந்து கிலோமீட்டர் நடப்பது கடினம். உட்பகுதிக்கு உங்கள் 100–400உம் ஓர் அகலக்கோண லென்ஸும் போதும். வாடகைப் பணத்தில் கை வைக்க வேண்டியிருந்தால் லென்ஸை விட்டுவிட்டு வழிகாட்டியை வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்யும் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் ஸ்னோ லாட்ஜ், அது பல மாதம் முன்பே நிரம்பிவிடும். அந்தத் தேதிகளுக்கு ஸ்னோகோச். அப்புறம்தான் விமானம். கடைசியாகக் கார், நான்கு சக்கர இயக்கம் மட்டும் போதாது, பனி டயர் மாட்டித் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நுழைவுக்கட்டணம் ஒரு காருக்கு ஏழு நாளுக்கு 35 டாலர். 2026 முதல் அமெரிக்காவில் வசிக்காத 16 வயது நிறைந்தவர்களுக்கு, ஆண்டு அனுமதி அட்டை இல்லையென்றால், தலைக்கு 100 டாலர் கூடுதல். நீங்கள் வெளிநாட்டிலிருந்து போவதென்றால் செலவில் அதையும் சேர்த்து, புறப்படும் முன் பூங்காவின் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். லாமரில் செல்பேசி அலைவரிசை பெரும்பாலும் கிடைக்காது. வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டு, காலையில் பூங்காவின் சாலை நிலவரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். காரில் மண்வெட்டி, போர்வை, தண்ணீர், ஒருநாள் சாப்பாடு இருக்கட்டும். எரிபொருள் பாதிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். திரும்பும் விமானத்தை ஸ்னோகோச் வெளியே வரும் அன்றே வைக்காதீர்கள். புயல் ஒன்று வந்தால் உட்சாலை ஒருநாள் மூடலாம். ஆகவே ஐந்தாம் நாள் இரவு கார்டினரிலோ போஸ்மேனிலோ ஓர் அறை எடுத்துவிட்டு, ஆறாம் நாள் மதியத்துக்கு மேல் சீட்டுப் போடுங்கள். புயல் வராவிட்டால் அந்தக் காலையில் கார்டினர் பாறைச் சரிவில் பிக்ஹார்ன் ஆடுகளைத் தேடலாம்.